ஆடிப்போன படமும் ஆடாத படமும்

மயிலாப்பூருக்கு வரவேண்டும் என்பது என் பிள்ளைப்பருவத்து ஆசை. அத்தலத்துப் பதிகத்தை மனனம் செய்த நாள் முதலாக அந்தக் கோபுரமும் குளமும் என் மனத்தில் நின்றிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து அது பெருந்தூரமன்று. ஆயினும் உத்தியோகம், யுத்தம், மனைவியின் நோய் என்று ஒவ்வொன்றாக வந்து வழியை மறித்தன. எழுபதைக் கடந்தபின் ஒருவாறு வந்து சேர்ந்தேன். என்னை அழைத்து வந்தது பக்தி என்று சொல்லிக்கொள்ள விருப்பந்தான். அழைத்து வந்தது என் கழுத்து.

விரல்களில்தான் தொடங்கியது. சட்டைப் பொத்தானைப் பிடித்தால் அது பொத்தானா வெறுந்துணியா என்று விரல் சொல்ல மறுத்தது. பிறகு நடையில் ஒரு தள்ளாட்டம். கோயிலில் பதிகம் பாடுகையில் தாளம் போடும் கை, பாட்டுக்குப் பின்னால் நடந்து வந்தது. கழுத்தெலும்புக்குள் முண்ணாணை, அதாவது முதுகுத்தண்டு நரம்பை, ஏதோ நெரிக்கிறது, சென்னையில் காட்டுங்கள் என்றார் எங்கள் ஊர் வைத்தியர். ரொறன்ரோவில் இருக்கும் மகள் தொலைபேசியிலேயே யாவற்றையும் ஒழுங்கு செய்தாள். "அப்பா, தனியப் போவியளோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் தாய் மறைந்தபின் என்னோடு கூட வர வேறு யார்?

மாடவீதிக்கு அடுத்த தெருவில் விடுதி. பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, நீறணிந்து நேரே கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்று பதிகத்தைத் தொடங்கினேன். இரண்டாம் பாடல் முடிவதற்குள் வரிசை பின்னாலிருந்து தள்ளியது. "நவுருங்க சார், நவுருங்க, எல்லாரும் பாக்கணும்ல" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பிழையில்லை. நான் நகர்ந்தேன். அறுபதாண்டு காத்திருந்த பதிகம் இரண்டு பாடலோடு நின்றது. மிகுதியைக் குளக்கரையில் இருந்து பாடலாம் என்று எண்ணினேன். குளக்கரையிலோ மெட்ரோ வேலைக்கு வந்த பாரவண்டிகளின் உறுமல். அன்று பாடவில்லை.

இரவுணவுக்கு ஓர் உணவகம். "நான் சைவம்" என்று பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "இங்க எல்லாமே வெஜ்தான் சாமி." எங்கள் ஊரில் சைவம் என்ற சொல் இலையையும் குறிக்கும், இறையையும் குறிக்கும், இங்கே அது ஒரு வகைச் சாப்பாடு மட்டும். இடியப்பம் கேட்டேன். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் வந்தன. சொதியும் சம்பலும் உண்டா என்று விசாரித்தபோது எதிரில் இருந்தவர் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து, "கேரளாவா சார்?" என்றார். வாழ்நாளெல்லாம் தமிழ்ப் பதிகத்தைத் தவிர வேறொன்றும் பாடியறியாதவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி. யாழ்ப்பாணம் என்றேன். "ஓ, சிலோன்" என்று தலையசைத்துவிட்டுக் கைப்பேசிக்குள் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை தியாகராய நகருக்குப் போகவேண்டும். பேருந்துத் தரிப்பிடம் எங்கே என்று கேட்டேன். முதலாமவர் கையை விரித்தார். இரண்டாமவர் ஓர் உணவகத்தைக் காட்டினார். மூன்றாமவர்தான், "ஓ, ஸ்டாப்பிங்கா?" என்று விளங்கிக்கொண்டு, அந்த நிறுத்தத்தை மெட்ரோ வேலைக்காக எங்கோ மாற்றிவிட்டார்கள் என்ற செய்தியையும் சேர்த்துச் சொன்னார். கடைசியில் தனசேகர் என்பவரின் ஆட்டோவில் ஏறினேன். அடுத்து வந்த நாள்களில் சென்னையில் என் பெயரைக் கேட்டறிந்த ஒரே மனிதர் அவர். கேட்டபின்பும் சாமி என்றுதான் அழைத்தார்.

"இன்னா சாமி, ஊருக்குப் புச்சா? லஸ்ஸாண்ட புல்லா தோண்டிகினுகீறான். சுத்திகினுதான் போவணும்."

"எனக்கு ஸ்கான் எடுக்க நேரம் குறிச்சிருக்கு, தம்பி."

"ஸ்கேனா? எங்க மாமாவ அப்டித்தான் ஒரு குழாய்க்குள்ள வுட்டாங்க. பாதியில கத்திகினே வெளிய வந்துட்டாரு. இன்னிக்கி வரைக்கும் லிப்ட்ல ஏற மாட்டாரு. நீ பயந்துக்காத."

அச்சமூட்டிவிட்டு அஞ்சாதே என்று சொல்வதில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. நான் போவது குழாய் வடிவக் கருவிக்கு அன்று, திறந்த கருவிக்கு என்று சொன்னேன். அதை வேண்டிக் கேட்டவனே நான்தான். வீட்டு வளவில் தோண்டிய பதுங்குகுழிக்குள் எத்தனையோ இரவுகளைக் கழித்தவன் நான். மூடிய இடத்தில் என் மூச்சு என் சொற்கேட்பதில்லை. குழிக்குள் இருக்கையில் ஓசை வெளியே போகலாகாது. ஆகவே வாயை மூடி, தொண்டையின் அடியில், மூச்சளவே குரல் வைத்துப் பதிகம் பாட அங்கேதான் பழகினேன். மனைவி என் புறங்கையில் விரலால் தாளம் தட்டுவாள். விழித்திருக்கிறேன் என்பதற்கு அவள் வைத்திருந்த அடையாளம் அது.

திறந்த கருவி என்பது மேலே ஒரு பெரிய தட்டு, கீழே ஒரு பெரிய தட்டு, இடையில் நான். பக்கங்கள் திறந்தவை, சுவரும் கதவும் தெரிந்தன. திரிகைக் கற்களுக்கு நடுவில் அகப்பட்ட உளுந்து என்று என்னை நினைத்துக்கொண்டேன். அறையின் குளிரைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் நான் ஏதேதோ கேட்டிருக்கவேண்டும். கருவியை இயக்கிய இளைஞர், "பேசாம படுங்க சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. 'அப்பா என்னைப் பேசினார்' என்றால் அப்பா திட்டினார் என்று பொருள். இந்தப் பிள்ளையை நான் எப்போது ஏசினேன்? எழுத்துத் தமிழில் அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியாததன்று. ஆனால் மருத்துவமனை அங்கியோடு குளிரில் மல்லாந்து கிடப்பவனுக்குப் பிறந்த ஊர்க் காதுதான் வேலைசெய்கிறது. இனி யார்மீதும் சினங்கொள்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, கண்ணை மூடி, முதல்நாள் நின்றுபோன பதிகத்தின் மூன்றாம் பாடலை எடுத்தேன். வாய் திறக்கவில்லை. குழிக்குள் பாடிய அதே முறைதான்.

மூன்றாம் நாள் அடையாற்றில் அறுவை மருத்துவரைக் கண்டேன். படத்தை ஒளிப்பலகையில் மாட்டினார். நான் நில அளவைத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவன். வரைபடத்தில் எது கோடு, எது கறை என்று பார்த்துப் பழகிய கண். அந்தப் படம் பனிமூட்டத்தில் பிடித்ததுபோல் இருந்தது. பரப்பெல்லாம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பு. எலும்பின் ஓரங்கள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தன.

"ஓபன் மிஷின்ல காந்த சக்தி கம்மி சார், இவ்வளவுதான் வரும்" என்றார் மருத்துவர். "முதுகுத்தண்டு நசுங்குது, அது தெரியுது. ஆனா முன்னாடி இருந்து அழுத்துதா, பின்னாடி இருந்தா? அழுத்துறது ஜவ்வா, எலும்பா? பிரியவே இல்ல. இத வச்சு நான் கத்தி எடுக்க மாட்டேன்."

"முன்னுக்கெண்டால் என்ன, பின்னுக்கெண்டால் என்ன, டொக்டர்?"

"பின்னாடின்னா பிடரி வழியா போவோம். முன்னாடின்னா தொண்டைப் பக்கமா போகணும். குரல் நரம்பு அங்கதான் ஓடுது. கொஞ்ச நாள் கரகரப்பு இருக்கலாம், அப்புறம் சரியாயிடும். ரொம்ப அபூர்வமா சிலருக்கு அப்படியே நின்னுடும்."

"ஒண்டும் செய்யாமல் விட்டால்?"

"இப்ப விரல். அப்புறம் நடை. நீங்க பாடகரா சார்?"

இல்லை என்றேன். உண்மை. நான் பாடகன் அல்லன். பாடுகிறவன்.

வலிமை மிக்க கருவி அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. தியாகராய நகர்க் கருவியைக் காட்டிலும் அதன் காந்தம் ஏறக்குறையப் பத்து மடங்கு வலியது என்றார்கள். ஆனால் அது குழாய். மறுநாள் வரச்சொன்னார்கள்.

அன்று மாலை கடற்கரைக்குப் போனேன். பட்டம் விடுவோரும் சோளம் சுடுவோரும் ஆளுக்கொரு கூட்டத்தோடு இருந்தார்கள். நான் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஊர் தெற்கே. நிலம் அளந்தவனுக்குத் திசை தெரியாமல் இல்லை. ஆனால் கடற்கரையில் நிற்பவன் கடல் இருக்கும் பக்கம்தான் பார்க்கமுடியும். மகளுக்கு அழைத்தேன். அங்கே அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேளை. "படம் தெளிவில்லையாம், நாளைக்குத் திருப்பி எடுக்கினம்" என்றேன். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என் குரலை உற்றுக் கேட்கத் தொடங்கியிருப்பாள்.

நான்காம் நாள். முகப்பில் இருந்த பெண், "அட்டெண்டர் எங்க சார்?" என்றார்.

"அற்றெண்டன் உங்கட ஆஸ்பத்திரியிலதானே இருக்கவேணும், பிள்ளை?"

எங்கள் நாட்டில் அச்சொல் மருத்துவமனைச் சிற்றூழியரைக் குறிக்கும். இங்கே நோயாளியோடு கூட வருகிற உறவினருக்குப் பெயர் அது. விளங்கிக்கொண்டபின் அந்தக் கேள்வி முன்னிலும் பாரமாக இருந்தது. உறவென்று காட்ட எனக்கு யாருமில்லை என்று சொல்வதற்குள், வாசலில் நின்ற தனசேகர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நாந்தான் மேடம். எங்க பெரீப்பா." பிறகு என் பக்கம் குனிந்து, "சும்மா இரு சாமி. இதுங்களாண்ட நாயம் பேசினுந்தா மத்தியானம் ஆயிடும்" என்றார்.

உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. தீட்சை பெற்ற நாளிலிருந்து கழுத்தைவிட்டு இறங்காத உருத்திராக்கத்தில் வெள்ளிப் பூண் இருந்தது. கழற்றிப் பெரியப்பாவின் புதிய மகன் கையில் கொடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரு கையாலும் வாங்கி, வேறெங்கே வைப்பதென்று தெரியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டே நின்றார்.

கருவியை இயக்கியவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். தலையைச் சுற்றிக் கூடுபோல் ஒன்றைப் பூட்டினார். காதை மூடினார். கையில் ஒரு ரப்பர்ப் பந்தை வைத்து, "பயமா இருந்தா இத அழுத்துங்க ஐயா, உடனே வந்துடுவேன். பேசாம படுத்திருங்க" என்று சொல்லிப் போனார். பந்து என் உள்ளங்கையில் இருந்ததா என்பது எனக்குத் தெரியவில்லை. எந்தக் கை மரத்ததற்காக வந்தேனோ அந்தக் கையிலேயே அழைப்புமணியைத் தந்திருந்தார்கள். பலகை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் வெண்மையான கூரை. மண் வாசனை மட்டுந்தான் இல்லை. மற்றபடி அது குழியேதான்.

பிறகு ஓசை தொடங்கியது. அதை உடுக்கை ஒலி என்று எழுதினால் அழகாக இருக்கும். அது அப்படியில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைத் துளையிடும் ஓசை அது. நான் பதிகத்தைப் பிடித்துக்கொண்டேன். வாய் மூடி, தொண்டையின் அடியில், பாடல் பாடலாக. அஞ்சி வெளியே ஓடிவராமல் கிடந்ததற்கு அதுவே காரணம்.

வெளியே எடுத்ததும் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினார். "படம் ஆடிடுச்சு ஐயா. உள்ள பேசுனீங்களா?"

"இல்லைப் பிள்ளை. நான் ஏன் பேசப்போறன்? எனக்கு ஒருத்தரோடயும் கோபமில்லை."

"கோபமா? யாரு கோபம்னு சொன்னா?"

"எங்கட பக்கம் பேசுறதெண்டால் ஏசுறது. நீங்கள் சொல்லுற பேசுறதுக்கு நாங்கள் கதைக்கிறதெண்டு சொல்லுவம்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "சரி, கதைச்சீங்களா?"

"கதைக்கேல்லை."

"அப்போ தொண்டை ஏன் இப்படி ஆடியிருக்கு? நீங்களே வந்து பாருங்க."

திரையில் என் கழுத்து. தியாகராய நகர்ப் படத்தில் இருந்த மணல் இதில் இல்லை. பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. ஆனால் தொண்டையிலிருந்து பிடரி வரைக்கும், நீரில் கல்லெறிந்தால் எழுவதுபோல், வரிவரியாக அலைகள். எலும்பின் ஓரம் இதிலும் இரண்டு.

"பாடினனான்" என்றேன்.

"பாட்டா! அதுக்குள்ளயா?"

"சத்தமில்லாமல்."

"எங்க அம்மாகூட உள்ள போனா சாமி பேரச் சொல்லிட்டேதான் கிடப்பாங்க. ஆனா அவங்களுக்கு முட்டிப் படம். கழுத்துப் படத்துல போய்ப் பாடுனா எப்படி ஐயா?" அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சென்னைக்கு வந்தபின் அதுவே முதன்முறை.

பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இந்த சொரசொரப்பு மிஷினோடது. பவர் கம்மி, அது ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இந்த ரெட்டைக்கோடு உங்களோடது. அங்கயும் பாடியிருக்கீங்க. இங்க பவர் ஜாஸ்தி, அதனால நீங்க பாடுனதையும் சேத்து நல்லாக் காட்டுது."

இரண்டு கருவியையும் ஒப்பிட்டு மகளுக்கு விரிவாகச் சொல்லவேண்டும் என்று எண்ணியிருந்தேன். அளவுகோலைப் பிடித்து நிற்பவன் தும்மினாலும் பொறாத நில அளவையாளன் நான். ஒப்பிட வந்தவனே அசைந்துகொண்டிருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

"மனதுக்குள்ள பாடினால்?" என்று கேட்டேன்.

"மனசுல பாடுனாலும் நாக்கு அசையும் ஐயா. எச்சில் முழுங்குவீங்க. ஒண்ணுமே பாடாதீங்க. ஆடாம இருங்க, அது போதும்."

ஆடுகின்றவனை அன்றாடம் வணங்குகிற என்னிடம் இப்படியொரு கட்டளை. சரி என்றேன். ரப்பர்ப் பந்தை மட்டும் மற்றக் கைக்கு மாற்றித் தரக் கேட்டேன். அந்தக் கையில் இரண்டு விரலுக்கு இன்னமும் உணர்விருந்தது.

இரண்டாம் முறை உள்ளே போனேன். பதிகத்தின் முதற்சொல் தானாக எழுந்து வந்தது, அதை நிறுத்தினேன். இன்னொன்று எழுந்தது, நிறுத்தினேன். பாடலில்லாத என் உள்ளம் எப்படியிருக்கும் என்று அதுவரை நான் கண்டதில்லை. ஆளொழிந்த வீடுபோல் இருந்தது. அறைகள் இருந்தன, யாருமில்லை. நான் இங்கே கிடப்பது இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். மகள் உறங்கிக்கொண்டிருப்பாள். வாசலில் என் உருத்திராக்கத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டோக்காரர். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண். அவ்வளவுதான். புறங்கையில் யாரேனும் தட்டுவார்கள் என்று என்னையறியாமல் காத்திருந்தேன். மரத்த கை அது, தட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது. இறைவனும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. சொன்னார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஓசை நின்ற ஓர் இடைவெளியில் காதுக்குள் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "இருக்கீங்களா ஐயா? பதில் சொல்லாதீங்க."

இருந்தேன். பதில் சொல்லவில்லை.

படம் தெளிவாக வந்தது. மறுநாள் அதை ஒளிப்பலகையில் மாட்டியபோது என் தொழில் விழித்துக்கொண்டது. என்ன துல்லியம்! எலும்பு தனி, சவ்வு தனி. முண்ணாண் ஒரு வெள்ளிய வாய்க்கால்போல் இறங்கி வந்து, ஓரிடத்தில் நூலாக ஒடுங்கி, மீண்டும் விரிந்தது. மருத்துவர் ஒன்றும் விளக்குமுன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. நெரிப்பது எந்தப் பக்கம் என்று வரைபடம் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும்.

"முன்பக்கம்" என்றேன்.

"முன்பக்கம்தான் சார். எலும்பு வளர்ந்து அழுத்துது. தொண்டை வழியாத்தான் போகணும். ரொம்ப நாள் தள்ளக்கூடாது. அடுத்த மாசம் வச்சுக்கலாம். அப்ப கண்டிப்பா அட்டெண்டர் வேணும், சொந்தக்காரங்க யாராவது."

மகள் வருவாள் என்றேன். அன்றிரவே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குரலையும் சேர்த்து. நான் எதிர்பார்த்தபடியே அவள் சொன்னதையே திரும்பச் சொல்லவைத்து என் குரலை உற்றுக் கேட்டாள். பிறகு, "வாறன் அப்பா" என்றாள்.

மருத்துவரின் அறையிலிருந்து இறங்கியதும் கீழ்த்தளத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். கருவியை இயக்கிய அந்தப் பெண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முதல்முறை ஆடிப்போன படத்தை எனக்கு அச்சிட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"அது வேஸ்ட் ஐயா. டாக்டருக்கு அது வேணாம்."

"டொக்டருக்கில்லைப் பிள்ளை. எனக்கு."

கெட்டுப்போன படத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, கேளாமலே உள்ளே போனார்.

கோயிலுக்குப் போனேன். இம்முறை வரிசையில் நிற்காமல் பிராகாரத்தின் ஒரு மூலையில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதிகத்தின் மூன்றாம் பாடலிலிருந்து கடைசிவரை வாய்திறந்து, முழுக்குரலில் பாடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் நகரச் சொல்லவுமில்லை. தாளம் போடவில்லை. வெளியே வந்தபோது தனசேகர், "சாமி, உள்ள யாரோ மைக் இல்லாமயே பாடிகினுந்தாங்க, செம தொண்ட" என்றார். "கேட்டதோ?" என்று மட்டும் கேட்டேன். "ரோட்டு வரிக்கும் கேட்டுது" என்றார்.

புறப்படும் நாட்காலை, விடுதியின் சன்னலைத் திறந்து இரண்டு படங்களையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த படத்தை மேலே வைத்து உறையிலிட்டேன். அது மருத்துவருக்கு, கத்திக்கு. மற்றதைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தேன். தொண்டையிலிருந்து பிடரிவரை, வரிவரியாக அந்த அலைகள். அடுத்த மாதத்துக்குப் பின் எப்படியிருந்தாலும், இந்தப் படத்தில் நான் பாடிக்கொண்டிருக்கிறேன்.